அழிக்கப்பட்ட எச்சரிக்கை

வாங்கிய சில வாரங்களுக்குள் ஒரு பழைய காரின் டாஷ்போர்டில் கியர்பாக்ஸைக் குறிக்கும் பற்சக்கர வடிவிலான எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்குமானால், அதை அன்றைக்குப் பிறந்த கோளாறு என்று எடுத்துக்கொள்வதற்கு முன், விற்பனைக்கு முன்பே இருந்து விற்கும் நாளில் மறைக்கப்பட்ட கோளாறாக அது இருக்கக்கூடுமா என்பதைக் கருதிப்பார்க்க வேண்டும். இந்தியாவில் குறைந்த விலைக் கார்களுக்குள் தானியங்கி கியர் பரவலாக நுழையத் தொடங்கியது, 2014இல் மாருதி சுசுகி நிறுவனம் செலெரியோ காரை அறிமுகப்படுத்தியபோதுதான். பத்தாண்டுகள் கடந்த நிலையில் அத்தலைமுறைக் கார்கள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிக்கொண்டிருப்பதால், காஞ்சிபுரத்திலும் அதையொட்டிய ஏனாத்தூரிலும் கார் வாங்குவோர் இன்ஜினை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழைய வழக்கம் போதாததாகிவிட்டது.

தானியங்கி என்ற ஒரே பெயருக்குள் வேறுபட்ட பல அமைப்புகள் அடங்கியிருப்பதால், எரிவது ஒரே விளக்காயினும் அதன் பொருள் காருக்குக் கார் மாறுகிறது. ஏ.எம்.டி. எனப்படுவது வழக்கமான கியர்பாக்ஸேதான். ஓட்டுநரின் இடது காலும் கையும் செய்யும் வேலையை அங்கே மின்சாரப் பம்பால் இயங்கும் ஒரு கருவி செய்கிறது. சி.வி.டி. எனப்படுவதில் தனித்தனிக் கியர்கள் இல்லை. விட்டம் மாறும் இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் உலோகப் பட்டை ஓடுகிறது, அதற்குரிய எண்ணெய்க்குப் பதில் வேறொன்றை ஊற்றினால் பட்டை வழுக்கத் தொடங்கும். இரட்டைக் கிளட்ச் வகையில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்றுமாகப் பிரிந்திருக்கும். இவற்றில் எண்ணெயில் மூழ்காத ‘உலர் கிளட்ச்’ உள்ளவை, ஊர்ந்து ஊர்ந்து செல்லும் நெரிசலில் விரைவில் சூடேறும். வைகாசி கருட சேவையன்று காஞ்சிபுரத்துக்குள் சிக்கிக்கொண்ட கார் அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகரும்போது எரியும் விளக்கு, பழுதின் அறிகுறியாக இல்லாமல் வெப்பத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது ஓரமாக நிறுத்தி, ‘பி’ நிலையில் வைத்து ஆறவிட வேண்டும். ஆறும்போது இன்ஜின் ஓடவேண்டுமா, அணைய வேண்டுமா என்பதைக் காருடன் வந்த கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் சில கார்களில் இன்ஜினை ஓடவிடும்படியே சொல்லப்பட்டிருக்கிறது.

விளக்கு எரிந்தவுடன் ‘கியர்பாக்ஸே போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்படைக்க அவசரப்பட வேண்டியதில்லை. ஜக்கார்டு பொருத்திய தறியில், எந்த இழையை உயர்த்துவது என்று சொல்லும் துளையட்டை கிழிந்தால் புடவையின் பூவேலை கலைகிறது. ஆனால் பட்டிலும் குற்றமில்லை, தறியிலும் குற்றமில்லை. அதேபோல், எந்தக் கியர் எப்போது விழவேண்டும் என்று ஆணையிடும் சிறு கணினிக்குத் தவறான செய்தி போனாலும் விளக்கு எரிகிறது. வலுவிழந்த பேட்டரி, வேகத்தை அளக்கும் உணரியின் பழுது, மழைநீர் புகுந்து பச்சை பூத்த மின் இணைப்பு, பிரேக் மிதியின் அடியிலுள்ள சிறு சுவிட்ச் ஆகியவை இத்தகையவை. பாலாறும் வேகவதியும் கரைபுரளக்கூடிய பகுதியில், வெள்ளத்தில் நின்ற கார் என்ற ஐயமும் நியாயமானதே. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இவற்றுக்கு மாறாக, கார் ஒரே கியரில் நின்றுகொண்டு வேகமெடுக்க மறுத்தால், அது தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நிலை. பக்கத்து ஷெட்டுக்குப் போய்ச்சேர மட்டுமே அது உதவும், நெடுஞ்சாலையில் பெங்களூரு வரை ஓட்டிப் பார்ப்பதற்கு அல்ல.

அடுத்து வருவது ஸ்கேனர். ஸ்டீயரிங்கின் கீழே உள்ள 16 முனை இணைப்பில் அதைச் செருகினால் பழுதுக்குறிகள் திரையில் தோன்றும். பி0700 என்ற குறி மட்டும் தோன்றினால் அதிலிருந்து எதுவும் விளங்காது, ஏனெனில் ‘கியர்பாக்ஸின் கணினி ஏதோ புகார் சொல்கிறது, அதையே கேள்’ என்பதுதான் அதன் பொருள்; இன்ஜின் கணினியோடு மட்டும் பேசும் மலிவான கருவி அத்தோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கணினிக்குள்ளும் நுழையும் கருவிதான் பி0715 (உள்தண்டின் வேக உணரி), பி0730 (கியர் விகிதம் பொருந்தவில்லை) போன்ற தெளிவான குறிகளைக் காட்டும். இவற்றோடு, பலர் பார்க்காமல் விடும் ஒரு வரியும் உண்டு: குறிகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு கார் ஓடிய தூரம். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் அந்த எண் வெறும் நாற்பது என்றிருந்தால், விற்பதற்குச் சற்று முன்பு யாரோ விளக்கை அணைத்திருக்கிறார்கள் அல்லது பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு, ‘அழித்துவிட்டுப் பார்ப்போம்’ என்று மெக்கானிக் சொல்லும்போது தலையாட்டுபவர், தம் தரப்புச் சாட்சியைத் தாமே அழிக்கிறார்.

இந்தச் சாட்சியின் மதிப்பைக் காட்டும் வழக்கு ஒன்று, ஏனாத்தூருக்குத் தொலைவில் இல்லாத மறைமலை நகரோடு தொடர்புடையது. 2013இல் அங்கிருந்து வெளிவந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் காரின் 1.5 லிட்டர் பெட்ரோல் வகையில் ‘பவர்ஷிஃப்ட்’ எனும் ஆறு கியர் உலர் இரட்டைக் கிளட்ச் பொருத்தப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் விற்ற ஈகோஸ்போர்ட்டுகளும் இங்கிருந்தே கப்பலேறின. அந்நாட்டில் இதே கியர்பாக்ஸ் கொண்ட ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களின் உரிமையாளர்கள் அதிர்வும் தயக்கமும் பற்றி முறையிட்டபோது, அதற்கு ஓட்டும் விதமே காரணம் என்று பலருக்கும் பதில் சொல்லப்பட்டது; இத்தகைய பதிலை மறுக்கத்தான் சாட்சி தேவைப்படுகிறது. போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், முறையீடுகளைக் கையாண்ட விதத்துக்காக 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் 2017இன் புதுப்பிப்பில் அந்தக் கியர்பாக்ஸ் கைவிடப்பட்டு, எண்ணெய்வழி விசை கடத்தும் பழைய வகைத் தானியங்கி வந்தது. ஆகவே இந்த மாடலை இன்று பழைய சந்தையில் பார்ப்பவர், ஓடிய கிலோமீட்டரைவிடத் தயாரிப்பு ஆண்டை முதலில் பார்ப்பதே நல்லது.

யாரிடம் வாங்கியது என்பதைப் பொறுத்தே சட்டத்தின் துணை அமைகிறது. வியாபாரியிடம் வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தெரிந்தவர் வழியாகவோ புரோக்கர் மூலமாகவோ தனிநபரிடம் வாங்கியவர் பெரும்பாலும் அச்சட்டத்துக்கு வெளியே நின்று, சரக்கு விற்பனைச் சட்டத்தையும் ஒப்பந்தச் சட்டத்தையுமே நாட வேண்டியிருக்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில், வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடியாகக் கொள்வதில்லை. தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடியாகக் கொள்கிறது. விளக்கை அணைத்து விற்பது இதில் எந்தப் பக்கம் விழும் என்பதில் பெரிய ஐயத்துக்கு இடமில்லை. அதை மெய்ப்பிப்பதுதான் கடினம், அதற்கே ஸ்கேனர் தாள் தேவைப்படுகிறது. தேதி, ஓடோமீட்டர் அளவு, குறிகள், அழித்தபின் ஓடிய தூரம் ஆகியவை அத்தாளில் இருக்கட்டும். வியாபாரி பொறுப்பேற்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணம் இல்லை.