நம்பவில்லை என்றால் போதுமா?

தஞ்சம் என்று வந்தவனை நோக்கி, “நீ சொல்வதை நாம் நம்பவில்லை” என்று ஓர் அதிகாரி கூறிவிட்டால் அவன் கதி யாது? அந்த அவநம்பிக்கை நியாயமானதுதானா என்று ஆராய நியாயஸ்தலத்துக்கு இடமுண்டா? இவ்விஷயத்தில் பிரிட்டிஷ் ஸுப்ரீம் கோர்ட் 2019 மார்ச் 6-ந் தேதி அளித்த தீர்ப்பு, தமிழ் மக்கள் யாவரும் அறியத்தக்கதாகும்.

வழக்காடியவர் ஓர் இலங்கைத் தமிழர். இலங்கை அரசாங்கத்தின் காவலில் பழுக்கக் காய்ச்சிய கம்பிகளால் சுடப்பட்டதாக 2011-ல் அவர் முறையிட்டார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. அவை அவர் கூற்றுக்குப் பெரிதும் பொருந்துவதாக டாக்டரும் சாட்சியம் அளித்தார். ஆயினும், அகதி அந்தஸ்து பெறும் பொருட்டு அவரே பிறரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என ஊகித்து, விசாரணை மன்றம் அவரை நிராகரித்தது. 2017-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஸுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளோ ஒருமனதாக அம்முடிவை ரத்துச் செய்து, மறு விசாரணைக்கு அனுப்பினர். தன் உடலை இவ்விதம் சுடச் செய்துகொள்வது அபூர்வத்திலும் அபூர்வம். அவ்வுண்மைக்கு உரிய கனம் அளிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் கூறியது உண்மை என்று நீதிபதிகள் சொல்லவில்லை. பொய் என்பதற்குக் காட்டிய காரணம் நிற்காது என்றே சொன்னார்கள். மேல்கோர்ட்டின் வேலை அதுவே. சாட்சியின் முகத்தை அது காண்பதில்லை; ஆனால் நம்பாதவரின் காரணங்களை நிறுத்துப் பார்க்க அதற்கு இயலும். நமது பனியன் கம்பெனிகளில் செக்கிங் செய்பவர்கூட ஓட்டையையோ கறையையோ காட்டித்தான் ஒரு துண்டைத் தள்ளுகிறார். ஒரு மனிதனைத் தள்ளுவதற்கு அதனிலும் குறைந்த காரணம் போதுமா?

இது சீமை விவகாரம் என்று ஒதுங்குவதற்கில்லை. திருப்பூர் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. இந்தியா 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. 1992-ல் அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது, அவர்கள் சம்மதம் மெய்யானதன்று எனச் சென்னை ஹைக்கோர்ட்டில் முறையிடப்பட்டது. அதனை ஆராய ஐ.நா. அகதிகள் ஸ்தாபனம் இருக்கிறது, கோர்ட் அதில் இறங்க வேண்டியதில்லை என்று முடிவாயிற்று.

நமது அரசியல் சட்டத்தின் 14, 21-வது ஷரத்துக்கள் அன்னியருக்கும் காப்பளிப்பவை. அக்காப்பு ஏட்டோடு நில்லாதிருக்க, பார்லிமெண்ட் சட்டம் செய்ய வேண்டும். தஞ்சம் கேட்பவரைத் தாய்மொழியில் விசாரிப்பது, நம்ப மறுத்தால் காரணங்களை எழுத்தில் தருவது, அக்காரணங்களின் மீது அப்பீல் செய்ய உரிமை அளிப்பது ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுவது அவசியம். காரணம் சொல்லாத அவநம்பிக்கை நீதியாகாது. அது வெறும் அதிகாரமே.