சிவராஜா அல்ல, சிவராசா: ஒரு வரியை மட்டும் திருத்துவது எப்படி?

முல்லைத்தீவில் ஒரு அம்மாவுக்கு, காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மகனின் பெயர் வந்ததும் நிறுத்தினார். "தம்பி, அது சிவராஜா இல்லை, சிவராசா. பிறப்புப் பத்திரத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு." (உண்மைப் பெயர் வேறு.) பிழையாகப் பதிந்தவன் நான்தான்.

பட்டியல் இருப்பது தொலைவிலுள்ள சேர்வரில். கைத்தொலைபேசி இணைப்போ வந்து வந்து போனது. திரை முழுவதையும் காட்டும் திருத்தச் செயலிகள் அசையாமல் நின்றுவிட்டன. கைகொடுத்தது ‘ஈடி’.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் யுனிக்ஸுக்காக எழுதிய செயலி இது. அப்போது பலருக்கும் கணினியில் திரை இல்லை. தொலைத்தட்டச்சு இயந்திரம் கடதாசியில் அச்சிடும். ஆகவே நாம் கேட்கும் வரியை மட்டுமே ஈடி காட்டும். இணைப்பு மெதுவாக இருந்தாலும் அது போதும்.

கட்டளை வரியில் ஈடி என்று ஆங்கிலத்தில் அடித்து, கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒரு எண் வரும். அது கோப்பின் அளவு, பைட்டுகளில். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரு சாய்கோடுகளுக்கு இடையில் பெயரை எழுதினால், அது உள்ள வரியைத் தேடித் தரும். ‘என்’ எழுத்து அவ்வரியை இலக்கத்துடன் காட்டும். அதே பெயரில் இன்னொருவரும் இருக்கலாம், ஊரையும் பாருங்கள். பிறகு ‘எஸ்’, சாய்கோடு, ராஜா, சாய்கோடு, ராசா, சாய்கோடு. ‘பி’ அடித்தால் திருத்திய வரி தெரியும். பிழைத்தால் ‘யூ’ பழையபடி ஆக்கும். கட்டளை விளங்காவிட்டால் ஒரு கேள்விக்குறி மட்டும் வரும், விளக்கம் வராது. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

‘எஸ்’ஸுக்கு முன்னால் ஒரு கமா போட்டால் எல்லா வரிகளிலும் மாறிவிடும். பெயர்ப்பட்டியலில் அதைச் செய்யாதீர்கள். ‘ஜ’ போட்டே எழுதும் குடும்பங்களும் அதில் உண்டு.

‘டபிள்யூ’ அடித்துச் சேமித்தேன். மீண்டும் எண் வந்தது. ஜகரமும் சகரமும் தலா 3 பைட்டுகள். எனவே எண் மாறக்கூடாது. மாறவில்லை. ‘கியூ’ அடித்து வெளியேறுமுன் அந்த வரியை அம்மாவுக்கு வாசித்தேன்.

"ஊர்ப் பெயரையும் ஒருக்காப் பாருங்கோ தம்பி" என்றார்.