பாலும் புல்லும் புளிக்கும் விதம்

மாலையில் கறந்த பாலைக் காலைப் பாலோடு கலந்து சங்கத்துக்குக் கொண்டுசெல்லும் அங்கத்தினருக்குச் சில நாட்களில் ஏமாற்றம் நேர்கிறது. சோதனைக்காகச் சிறிது பாலைக் காய்ச்சியதும் அது திரிந்துவிடுகிறது. பால் முழுவதும் திருப்பப்படுகிறது. அதே பால் வீட்டில் உறை ஊற்றப்பட்டால் நல்ல தயிராகிறது. ஒன்று நஷ்டம், மற்றொன்று லாபம். இரண்டையும் செய்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே. அவற்றின் பிழைப்பு முறையை அறிந்தால் நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

பசும்பாலில் லிட்டருக்கு ஏறக்குறைய 45 கிராம் பால்சர்க்கரை உண்டு. கிருமி இதைக் குளுகோஸாகவும் காலக்டோஸாகவும் பிரித்து, மேலும் சிதைத்து, உயிர்வாழ வேண்டிய சக்தியைப் பெறுகிறது. காற்றின் உதவியின்றியே இது நடைபெறும். சக்தியை எடுத்துக்கொண்டபின் அது வெளியே தள்ளும் மிச்சமே லாக்டிக் அமிலம். தயிரின் புளிப்பு இதுவே. அமிலம் மிகுந்ததும் பாலிலுள்ள புரதம் திரண்டுவிடுகிறது.

எல்லாக் கிருமிகளும் ஒரே வழியில் செல்வதில்லை. தயிர்க் கிருமிகள் 180 கிராம் குளுகோஸை ஏறக்குறைய முழுவதும் லாக்டிக் அமிலமாக்கும். இட்லி மாவில் வேலை செய்யும் லூக்கனாஸ்டாக் என்னும் இனமோ, அதிலிருந்து 90 கிராம் லாக்டிக் அமிலத்தையும், 46 கிராம் சாராயச் சத்தையும், 44 கிராம் கரியமில வாயுவையும் உண்டாக்கும். மாவு பொங்குவது அவ்வாயுவினால்தான். தயிர் பொங்காததன் காரணமும் இதிலிருந்தே விளங்கும்.

பிரான்சு தேசத்தில் லீல் நகரத்துச் சாராய ஆலை ஒன்றில், பீட்ரூட் சாறு சாராயமாகாமல் புளித்துக் கெட்டது. லூயி பாஸ்டர் அதைப் பூதக்கண்ணாடியில் சோதித்தபோது, ஈஸ்ட்டுக்குப் பதிலாக மிகச் சிறிய வேறு உயிர்களைக் கண்டார். லாக்டிக் புளிப்புக்கு அவையே காரணம் என்று 1857ல் அறிவித்தார். சர்க்கரை ஒன்றே; குடிபுகுந்த கிருமி வேறானால் விளைபொருளும் வேறாகும்.

இனி நம் காரியத்துக்கு வருவோம். பால் மடியிலிருந்து வரும்போது உள்ள வெதுவெதுப்பு கிருமிகளுக்கு உகந்தது. ஒரு கிருமி அரை மணிக்கு ஒரு முறை இரண்டாகிறது என்று கணக்கிட்டால், 5 மணி நேரத்தில் அது 1,024 ஆகிவிடும். ஆகவே கறந்தவுடன் சங்கத்தில் சேர்ப்பதும், அங்கு உடனே 4 டிகிரி அளவுக்குக் குளிரவைப்பதும் அவசியம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, பெருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. பாத்திரத்தின் இடுக்கில் நேற்றைய பால் ஒட்டியிருந்தால், நாமே உறை ஊற்றியதற்கு ஒப்பாகும்.

இதே புளிப்பைத் தீவனத்தைக் காக்கவும் பயன்படுத்தலாம். ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் மேய்ச்சல் நிலம் குறைந்துவிட்டது; கோடையில் பசுந்தீவனம் அரிது. மழைக்காலத்தில் மிகுந்துள்ள மக்காச்சோளத் தட்டையை ஊறுகாய்ப் புல்லாக்கி வைக்கலாம். கதிர் பால் பிடித்து முற்றும் தறுவாயில் அறுத்து, சிறிது வாடவிட்டு, விரல் கணு அளவுக்கு நறுக்கி, குழியில் காற்றில்லாமல் மிதித்து மூடவேண்டும். சர்க்கரை குறைந்த புல்லாயின் 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகு தெளிக்கலாம். சுமார் 45 நாட்களில் இது தயாராகும். தட்டையின் சர்க்கரை அமிலமாகி, அழுகச் செய்யும் கிருமிகளைத் தடுத்துவிடும். ஈரம் மிகுந்தாலோ மண் கலந்தாலோ, மண்ணிலுள்ள வேறொரு கிருமி அந்த லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்ரிக் அமிலமாக்கும். கெட்ட வெண்ணெய் நாற்றம் அடிக்கும் அப்புல்லை மாடு தொடாது.

நெசவாளருக்கும் இதில் பாடம் உண்டு. பாவுக்கு இடும் கஞ்சியிலும் கிருமிகள் மாவைச் சர்க்கரையாக்கிப் பின் அமிலமாக்குகின்றன. அளவு மீறிப் புளித்து நீர்த்த கஞ்சி நூலைப் பற்றாது, இழை அறும். அன்றன்று காய்ச்சுவதே நலம்.

ஒருவர் பாத்திரத்தின் அசுத்தம் அவர் பாலோடு நிற்பதில்லை; ஒரே கலத்தில் ஊற்றப்படும் எல்லோர் பாலையும் அது கெடுத்துவிடும். ஆதலின் பாத்திரத்தைக் கொதிநீரால் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பது, சங்கத்துக்கு ஒவ்வொருவரும் தினந்தோறும் செலுத்தவேண்டிய பங்குத்தொகை என்றே கொள்வோமாக.