இசைத்தட்டும் குறுந்தகடும்

பள்ளிகளிலும் சமூக நிலையங்களிலும் பழைய இசைத்தட்டுகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கக் காணலாம். அவற்றிலுள்ள இசையைக் குறுந்தகட்டில் பதித்துக்கொண்டு தட்டுகளைக் கழித்துவிடலாமா என்னும் வினா எழும்போது, இரண்டில் எது இனிமையாக ஒலிக்கும் என்று மட்டுமே பலரும் ஆராய்கின்றனர். இரண்டும் இயங்கும் முறையை அறிந்தால், எது எவ்வாறு கெடும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பது விளங்கும்.

அரக்குக் கலவையால் ஆன பழைய தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களே ஒலித்தது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆன நெடுநேரத் தட்டை வெளியிட்டது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் இத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கும். ஒரு ராகத்தை ஓரளவு விரித்துப் பாடவும் இதில் இடம் கிடைத்தது.

தட்டில் சுருளாகச் செல்லும் பள்ளத்தின் நெளிவுகளே ஒலியின் வடிவமாகும். ஊசி அவற்றைத் தொட்டு அதிர்கிறது. அவ்வதிர்வு மின்னலைகளாக மாறுகிறது. சுழற்சி மாறாதிருப்பினும், வெளி ஓரத்தில் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஊசியின் கீழ்ச் செல்ல, உட்பகுதியில் சுமார் 21 செ.மீ. மட்டுமே செல்லும். ஆகவே உட்பகுதியில் நெளிவுகள் நெருங்கி, உச்ச ஒலிகள் சற்றுச் சிதைகின்றன. ஆசிரியர்கள் ஓர் அளவுகோலைக்கொண்டு இக்கணக்கை மாணவர்களைக்கொண்டே செய்விக்கலாம்.

குறுந்தகடு பிலிப்ஸ், சோனி நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் உருவாகி, 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இதன் விட்டம் 12 செ.மீ. ஒலியலையின் அளவு வினாடிக்கு 44,100 முறை எடுக்கப்பட்டு, எண்களாகப் பதிக்கப்படுகிறது. லேசர் ஒளிக்கதிர் அவற்றைத் தொடாமலே படிக்கிறது. எனவே எத்தனை முறை கேட்டாலும் பதிவு தேய்வதில்லை. சிறு கீறலால் இழந்த எண்களைக் கணித்து நிரப்பும் ஏற்பாடும் உண்டு.

எண்களுக்கு இடையிலுள்ள ஒலி விடுபட்டுப்போகும் என்று சிலர் கருதுவது தவறு. மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையே உணரும். அதன் இருமடங்குக்கு மேல் அளவெடுத்தால், அவ்வெல்லைக்குட்பட்ட அலையைக் குறைவின்றி மீட்கலாம் என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட உண்மை. ஆயினும் ஒரே இசை தட்டில் நன்றாகவும் குறுந்தகட்டில் காதை அறைவதாகவும் ஒலிப்பதுண்டு. 1990-களில் தொடங்கி, பல குறுந்தகடுகளில் மெல்லொலியும் வல்லொலியும் ஒரே அளவுக்கு உயர்த்தப்பட்டமையே இதற்குக் காரணம். குற்றம் பதித்தவருடையது, தகட்டினுடையது அன்று.

கெடும் முறையில்தான் பெரிய வேறுபாடு உள்ளது. இசைத்தட்டு ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் சிறிது தேய்கிறது, வெப்பத்தில் வளைகிறது. எனினும் பழுதடைந்த தட்டும் இரைச்சலோடு ஒலித்து எச்சரிக்கும். குறுந்தகடோ பழுது ஓர் எல்லையைக் கடக்கும்வரை ஒன்றும் காட்டாது. பின்னர்த் திடீரென நின்றுவிடும். கணினியில் பதிக்கும் தகடுகளில் ஒளிபட்டால் கெடும் சாயம் உள்ளமையால், இவ்வபாயம் மிகுதி. குறுந்தகட்டின் பெயர் அச்சிட்ட பக்கத்தில் உலோகப் படலத்திற்கு மெல்லிய பூச்சே காவலாதலின், அப்பக்கக் கீறல் மிகவும் கேடானது. துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீண்டு, இழந்த எண்களை நிரப்புவது இயலாமற்போகும்.

ஆகவே வகுப்பில் அன்றாடம் கேட்கக் குறுந்தகடே ஏற்றது. மூலத் தட்டைத் தூசு நீக்கி, உறையிலிட்டு, வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்திவைத்தல் நன்று. நகலை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்து, ஆண்டுக்கொரு முறை இயக்கிப் பார்த்தல் வேண்டும். நகல் எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிட்டால், அந்நகல் கெடும் நாளில் அவ்விசையை மீட்க வழியிராது. மறுபதிப்பு வெளிவராத உள்ளூர்க் கலைஞர் ஒருவரின் குரல் அந்த ஒரே தட்டில் மட்டும் எஞ்சியிருக்கவும் கூடும்.