கொல்லர் பட்டறைக்குப் புதிய பட்டடை

ஏரின் கொழு, மண்வெட்டி, களைக்கொத்து, கதிர் அறுக்கும் அரிவாள், வண்டியின் கடையாணி ஆகிய எல்லாம் பிறக்கும் இடம் கொல்லரின் உலைக்களம். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்த பின்னரும், கூர் மழுங்கிய அரிவாளைத் தட்டித் தோய்த்துக் கொடுக்கவும், தேய்ந்த மண்வெட்டிக்கு முனை சேர்க்கவும் உழவர் அவரிடமே செல்கின்றனர். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்கள், அரிவாள் வேலையாலேயே நாடறிந்த பெயர் பெற்றிருக்கின்றன.

வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் தொழில் செய்பவருக்கு வேண்டிய கருவிகள் பல. துருத்தி பழுதுபட்டால் மின்விசிறி ஊதியை வைத்துக்கொள்ளலாம். சுத்தியலின் காம்பு முறிந்தால் அன்றைக்கே வேறு காம்பு போடலாம். குறட்டைத் தாமே அடித்துக்கொள்ளலாம். ஆனால் பட்டடை அத்தகையதன்று. சில மாவட்டங்களில் அடைகல் என்றும், பட்டறைக்கல் என்றும் வழங்கும் இக்கருவி, ஒருமுறை வாங்கினால் தந்தைக்குப் பின் மகனுக்கும் உழைக்க வேண்டியது. ஆகவே, இதைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழையும் அவ்வளவு காலம் நீடிக்கும்.

திருக்குறளில் கூடாநட்பு என்னும் அதிகாரம், தாங்குவதுபோல் தோன்றிச் சமயம் வாய்த்தபோது அடிக்குத் துணைபோகும் போலி நண்பனுக்குப் பட்டடையை உவமை கூறுகிறது. இன்றோ பட்டடையிலேயே போலி புகுந்துவிட்டது. வண்ணம் பூசி, அழகிய கொம்பு வைத்து, வார்ப்பிரும்பில் செய்த பட்டடைகள் எஃகுப் பட்டடையைப் போலவே கடைகளில் வீற்றிருக்கின்றன. பட்டடை வாங்குகிறவர் பணம் கொடுக்க வேண்டியது வடிவத்துக்கன்று. அடியைத் திருப்பித் தரும் எஃகு முகத்துக்கும், அம்முகத்தின் கீழே உள்ள எடைக்குமே ஆகும். இவ்விரண்டையும் எவ்வாறு அறிந்துகொள்வது என்பதை இங்குக் காண்போம்.

எடையின் கணக்கு

சிவக்கக் காய்ந்த இரும்பின்மேல் சுத்தியல் விழும்போது, அந்த அடியின் வேகம் முழுவதும் இரும்பை உருமாற்றுவதில்லை. பட்டடை இலேசானதாக இருந்தால் அதுவும் அடியோடு சேர்ந்து நகர்கிறது. அவ்வாறு நகர்த்துவதில் செலவாகும் ஆற்றல் தொழிலாளிக்கு நட்டமே.

இந்த நட்டத்தை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. பட்டடையின் எடையை, பட்டடையும் சுத்தியலும் சேர்ந்த எடையால் வகுத்தால், அடியில் எத்தனை பங்கு இரும்புக்குச் சேர்கிறது என்பது தோராயமாகத் தெரியும். 10 கிலோ பட்டடையில் 1 கிலோ கைச் சுத்தியலால் அடித்தால் 100க்கு 91 பங்கு சேரும். அதே பட்டடையில் 4 கிலோ சம்மட்டி விழுந்தால் 71 பங்குதான் சேரும். பட்டடை 50 கிலோவாக இருந்தால் சம்மட்டி அடியில் 93 பங்கும், 100 கிலோவாக இருந்தால் 96 பங்கும் இரும்புக்குச் சேரும். பட்டடையை எதனோடும் பிணைக்காமல் வைத்த நிலையில் இக்கணக்கு பொருந்தும். மரக்கட்டையில் இறுகப் பதித்தால் நட்டம் மேலும் குறையும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. முதலாவது, சிறிய பட்டடையில் சம்மட்டி வேலை செய்பவர் 100 அடிக்கு 29 அடியை வீணாக அடிக்கிறார். அந்த நேரத்துக்குள் இரும்பு ஆறிவிடுகிறது. மீண்டும் உலையில் இட வேண்டும். மீண்டும் கரி வேண்டும். தோளின் உழைப்பும் கரியின் விலையும் ஒருங்கே போகின்றன. இரண்டாவது, 10 கிலோவிலிருந்து 50 கிலோவுக்கு உயர்வதால் வரும் ஆதாயம் பெரிது. 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு உயர்வதால் வரும் ஆதாயம் சிறிது. எனவே, தனியாளாகக் கைச் சுத்தியலால் வேலை செய்பவருக்கு 50 கிலோ பட்டடை போதுமானது. சம்மட்டி அடிக்க உதவியாள் வைத்திருப்பவரும், கடப்பாரை, கோடாலி போன்ற பெரிய வேலைகளைச் செய்பவரும் 80 முதல் 100 கிலோ வரை உள்ளதை வாங்குவது நலம். அதற்கு மேலும் கடன்பட்டுப் பெரிய பட்டடை வாங்க வேண்டுவதில்லை.

வார்ப்பிரும்பா, எஃகா?

வார்ப்பிரும்பில் கரியின் அளவு 100க்கு 2 பங்குக்கும் அதிகம். அது கனமானதே; எனினும் நொறுங்கும் இயல்புடையது. சுத்தியல் தவறி ஓரத்தில் விழுந்தால் ஓரம் பெயர்ந்துவிடும். முகமும் நாளடைவில் குழி விழும். குழி விழுந்த முகத்தில் தட்டிய அரிவாள் நேராக வருவதில்லை; அதை நிமிர்த்துவதற்கே தனி வேலை ஏற்படுகிறது.

நல்ல பட்டடை எஃகினால் ஆனது. முழுவதும் வார்த்த எஃகாகவோ, அடித்து உருவாக்கிய எஃகாகவோ இருக்கலாம். இரண்டும் நல்லவையே. ஆனால், எஃகாக இருந்தால் மட்டும் போதாது. அதன் முகத்தைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் போட்டிருக்க வேண்டும். ராக்வெல் ‘சி’ அளவுகோலில் 50 முதல் 55 வரை கடினம் உள்ள முகம் சிறந்தது. அதற்கு மிகவும் குறைந்தால் குழி விழும். மிகவும் கூடினால் ஓரம் சிதறும். பதம் போடாத எஃகுப் பட்டடைகளும் விற்பனைக்கு வருவதால், எஃகு என்னும் சொல்லை மட்டும் நம்பிவிடலாகாது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலாவது, எடை. விற்பவர் கூறும் எடையை ஏற்றுக்கொள்ளாமல் எடை மேடையில் வைத்துப் பார்க்க வேண்டும். விலையைக் கிலோக் கணக்கில் ஒப்பிட்டால்தான் இரண்டு கடைகளின் வேறுபாடு விளங்கும்.

இரண்டாவது, குண்டுச் சோதனை. இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. லாரிப் பட்டறைகளில் கழித்துப்போடும் பெரிய பேரிங்கிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குல எஃகுக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்க. பட்டடையின் முகத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, 25 செ.மீ. உயரத்திலிருந்து குண்டைக் கைவிடுக. நல்ல பட்டடையில் அது 18 செ.மீ. அல்லது அதற்கு மேலும் எழும்பும். பாதி உயரங்கூட எழும்பவில்லையென்றால் அந்தப் பட்டடை வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் பார்த்து நின்றுவிடாமல், முகத்தின் நடுவிலும் இரு பக்கங்களிலும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குண்டு சோர்ந்து எழுந்தால், அங்கே பதம் குறைவு, அல்லது உள்ளே வெடிப்போ வெற்றிடமோ உண்டு என்று கொள்க.

மூன்றாவது, அரச் சோதனை. விற்பவரின் இசைவு பெற்று, முகத்தின் ஓரத்தில் புதிய அரம் ஒன்றால் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அரம் வழுக்கிச் செல்ல வேண்டும். எளிதாகப் பற்றி இரும்புத் தூளை எடுத்தால் முகம் மிருதுவானது.

நான்காவது, ஓசை. சிறு சுத்தியலால் தட்டும்போது எஃகுப் பட்டடை பொதுவாக மணிபோல ஒலிக்கும். வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும். அதிர்வுடன் கரகரத்த ஓசை வந்தால் வெடிப்பு இருக்கக்கூடும். ஆயினும், ஓசையை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. உடல் வார்ப்பிரும்பாகவும் முகம் எஃகாகவும் நன்கு இணைத்துச் செய்த பட்டடைகள் ஒலிக்காமலே நன்றாக உழைப்பதுண்டு. ஓசையும் குண்டும் வேறுபட்டால் குண்டின் சாட்சியையே ஏற்க வேண்டும்.

வடிவம்

அரிவாள், மண்வெட்டி, கொத்து ஆகியவற்றையே பெரும்பாலும் செய்பவருக்கு, நம் முன்னோர் வைத்திருந்தது போன்ற சதுரக் கட்டியே போதும். 15 செ.மீ. சதுரமும் 30 செ.மீ. உயரமும் உள்ள எஃகுக் கட்டி ஏறத்தாழ 53 கிலோ இருக்கும். அடி விழும் இடத்துக்கு நேர் கீழே அதன் எடை முழுவதும் அமைந்திருப்பது அதன் சிறப்பு. கொம்பு வைத்த பட்டடை வளையம், கொக்கி, சங்கிலி, சன்னல் வேலைகளுக்குத் தேவை. அதில் உள்ள சதுரத் துளையில் வெட்டுளியின் காம்பைப் பொருத்திக் காய்ந்த இரும்பை வெட்டலாம்; வட்டத் துளையின்மேல் வைத்துத் துளையிடலாம். சதுரத் துளையின் பக்கங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். முகத்தின் ஓரம் கத்திபோல் கூராக இருப்பது நல்லதன்று. அது வேலைப்பொருளில் வெட்டு விழச் செய்யும்; தானும் பெயரும். ஓரங்களைச் சற்றே உருட்டி வைத்துக்கொள்வது வழக்கம்.

தண்டவாளத் துண்டு

புதிய பட்டடை வாங்கப் பொருள் இல்லாதவருக்குத் தண்டவாளத் துண்டு நல்ல துணை. தண்டவாள எஃகில் 100க்கு 0.6 முதல் 0.8 பங்கு வரை கரி உண்டு. நம் நாட்டில் வழங்கும் தண்டவாளங்கள் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என இரு முக்கிய வகையின. இத்துண்டைப் பலரும் படுக்கவைத்தே பயன்படுத்துகின்றனர். அப்போது நடுவில் உள்ள மெல்லிய பகுதி அடிக்கு அடி அதிர்ந்து ஆற்றலை விழுங்குகிறது. மாறாக, துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, வெட்டுமுகத்தைச் சமமாகத் தேய்த்து, மற்ற முனையைத் தரையில் புதைத்த கட்டையில் பதித்தால், எடை முழுவதும் அடிக்கு நேர் கீழே வந்துவிடும். முகம் ஏழு செ.மீ. அகலமே ஆயினும், சிறு வேலைகளுக்கு அதற்கு மேல் வேண்டுவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இரயில்வேக்கு உரிய பொருளை முறையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். ஏலத்தில் எடுத்த வணிகரிடம் இரசீதுடன் வாங்கி, அந்த இரசீதைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

நிறுத்தும் முறை

நல்ல பட்டடையும் ஆடும் கட்டையில் வைத்தால் பயன் தராது. கருவேல், புளி, வேம்பு ஆகியவற்றில் நன்கு காய்ந்த அடிமரத்தை, இழை செங்குத்தாக நிற்கும்படி இரண்டு அடிக்குக் குறையாமல் புதைத்து, சுற்றிலும் மண்ணைத் திமிசால் கெட்டிக்க வேண்டும். புதைக்குமுன் கறையான் அணுகாதபடி தார் பூசுவது அவசியம். கட்டையின் தலை பிளவாமல் இரும்புப் பட்டை இடுக.

நின்று வேலை செய்பவர் கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், முட்டிகள் பட்டடை முகத்தைத் தொட வேண்டும். அமர்ந்து வேலை செய்பவர் ஒரு மரத்துண்டை வைத்து அடித்துப் பார்க்கலாம். சுத்தியலின் தடம் அப்பாலுள்ள ஓரத்தில் ஆழமாக விழுந்தால் பட்டடை தாழ்வு. தம் பக்கத்து ஓரத்தில் ஆழமாக விழுந்தால் உயரம். தடம் எங்கும் ஒருபடியாக விழுந்தால் சரி. உயரம் பொருந்தாத பட்டடையில் சில ஆண்டுகள் உழைத்தவரின் இடுப்பும் தோளும் அதற்குரிய விலையைக் கொடுத்துவிடும்.

பேணும் முறை

சுத்தியலால் வெறும் முகத்தில் அடிக்கலாகாது. கடினமான இரண்டு எஃகுகள் மோதும்போது சிதறும் சில்லு கண்ணைக் கெடுக்கும். உளியால் வெட்டும்போது கீழே மிருதுவான இரும்புத் தகடு ஒன்றை வைத்துக்கொள்க. பட்டடையை ஒருபோதும் தீயிலிடலாகாது. இட்டால் பதம் போய்விடும். தேய்ந்த முகத்தில் மின்பற்றவைப்புச் செய்வதும், சாணை பிடித்து ஆழமாகத் தேய்ப்பதும் நல்ல பட்டடைகள் பலவற்றைப் பாழாக்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் முகத்தில் சிறிது எண்ணெய் தடவி வைப்பது நல்லது.

காதுகளையும் மறத்தல் கூடாது. 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தால் செவிப்புலன் குறையும். பட்டடையின் இடையில் சங்கிலி ஒன்றை இறுகச் சுற்றினால் ஓசை தணியும். பஞ்சு போதாது, இதற்கெனச் செய்த காதடைப்பானையே அணிய வேண்டும்.

பட்டடை வாங்கக் கடனுதவி நாடுவோர், கைவினைத் தொழில்களுக்குரிய உதவிகளைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால், கடன் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கண்ணில் பட்டதை வாங்கிவிடலாகாது. கடைக்குச் செல்லும் கொல்லர் தம் சட்டைப்பையில் ஓர் எஃகுக் குண்டையும் சிறிய அளவுகோலையும் எடுத்துச் செல்வாராக. விற்பவரின் சொல்லும் வண்ணப் பூச்சும் மறைப்பதை, அந்தக் குண்டு ஒரு நொடியில் எழும்பிச் சொல்லிவிடும்.