கப்பற் கூட்டமும் சுற்றளவுக் கணக்கும்

போரில் முடிவு செய்வது தளபதியின் பொறுப்பு. அவர் கேட்கும் கருவிகளை ஆக்கித் தருவது விஞ்ஞானியின் பொறுப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இவ்வழக்கம் மாறியது. கையிலுள்ள கருவிகளையே எவ்வாறு கையாண்டால் பயன் மிகும் என்பதைப் போர்ப் பதிவேடுகளிலிருந்து கணித்தறியும் புதிய துறையொன்று அங்கு வளர்ந்தது. இதுவே செயல்முறை ஆராய்ச்சி எனப்படுவது.

விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள்மீது வீசப்பட்ட குண்டுகள் முதலில் 100 அடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. விமானத்தைக் கண்டதும் நீர்மூழ்கி அவ்வளவு ஆழம் இறங்கிவிடும் என்பது காரணம். அவ்வாறு இறங்கிய கப்பல் இருக்குமிடம் விமானிக்குத் தெரியாதே! இடம் தெரியும்படி மேலே மிதக்கும் கப்பலுக்கோ, 100 அடிக்குக் கீழே வெடிக்கும் குண்டினால் பெருந்தீங்கு இல்லை. 1941இல் ஈ. ஜே. வில்லியம்ஸ் என்னும் பௌதிக அறிஞர் இதனை எடுத்துக்காட்டினார். ஆழம் படிப்படியாக 25 அடிக்குக் குறைக்கப்பட்டது. புதிய வெடிமருந்து எதுவுமின்றியே தாக்குதலின் பயன் மிகுந்தது.

இதனினும் அரியது கப்பற் கூட்டங்களைப் பற்றிய கணக்கு. அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்கள், சுற்றிலும் காவற்கப்பல்கள் வரக் கூட்டமாகச் சென்றன. ஒரு கூட்டத்தில் ஏறக்குறைய 40 கப்பல்களே தக்கவை, 60க்கு மேல் கூடாது என்பது கடற்படையினர் கொள்கை. 1942 முதல் கடற்படைத் தலைமையகத்தில் ஆராய்ச்சிக் குழுவை நடத்திய பி. எம். எஸ். பிளாக்கெட் (விடுதலைக்குப்பின் நம் நாட்டின் பாதுகாப்பு விஞ்ஞானம் குறித்து ஆலோசனை கூறியவரும் இவரே) 1941, 1942ஆம் ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார். சராசரி 32 கப்பல்கள் கொண்ட சிறு கூட்டங்களில் நூற்றுக்கு 2.5 கப்பல்கள் மூழ்கியிருந்தன. சராசரி 54 கொண்ட பெருங்கூட்டங்களில் நூற்றுக்கு 1.1 மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் கூட்டமொன்றுக்கு இழப்பு முறையே 0.8, 0.6 கப்பலாகும். அதாவது, கூட்டம் பெருத்ததனால் இழப்பு பெருகவில்லை.

எண்கள் தற்செயலாகவும் அமையலாம். ஆகவே காரணம் தேடப்பட்டது. அது வகுப்பறைக் கணிதத்திலேயே இருந்தது. கப்பல்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் அவை பரவிச் செல்லும் பரப்பும் நான்கு மடங்காகும். சுற்றளவோ இரு மடங்கே. காவற்கப்பல்கள் காப்பது சுற்றளவை. எனவே இரு மடங்கு காவலே முன்போன்ற நெருக்கத்தைத் தரும். சதுரங்களை வரைந்து மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். மேலும், காவலைக் கடந்து உட்புகுந்த நீர்மூழ்கி மூழ்கடிக்கும் கப்பல்களின் எண்ணிக்கை, கூட்டத்தின் அளவைப் பொறுத்ததன்று எனவும் தெரிந்தது.

எனினும், கணக்கு பிழைபட்டால் மடிபவர் மாலுமிகள். பரிந்துரைக்குமுன் பிளாக்கெட் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: என் குழந்தைகளை இக்கடல்வழியே அனுப்ப நேரின், எக்கூட்டத்தில் அனுப்புவேன்? பெருங்கூட்டத்தில்தான் என்று அவர் மனம் விடையளித்தது. 1943ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் கடற்படையினர் இதனை ஏற்றனர்.

1944இல் 160க்கு மேற்பட்ட கப்பல்கள் ஒரே கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடந்தன. தாக்குதலில் ஒன்றும் மூழ்கவில்லை. நீர்மூழ்கிகளின் வலிமை அதற்குள் ஒடுங்கியிருந்தது என்பதனையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.