பள்ளிச் சூழலும் சாதிக் குறிகளும்: நீதிபதி சந்துரு அறிக்கையை முன்வைத்து

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும், அம்மாணவர் பயின்ற பள்ளியின் மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். இதனையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூன் 18இல் அறிக்கை அளித்தது. அன்றாட வகுப்பறைக் குறிகளிலேயே வன்முறை வேர்கொள்கிறது என்பது அதன் பரிந்துரைகளால் பெறப்படும். வண்ணக்கயிற்றுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை, சாதி விவரமற்ற வருகைப்பதிவேடு ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. பெயர் பற்றிய பரிந்துரை தமிழாய்வாளர் தனித்து நோக்கத்தக்கது. 'கள்ளர் சீரமைப்பு', 'ஆதிதிராவிடர் நலம்' முதலிய அடைகள் நீங்கி 'அரசுப் பள்ளி' என்பதே எஞ்சவேண்டும் என்கிறது அது. நலம் கருதி இடப்பட்ட அடை, மாற்றுச் சான்றிதழில் எழுதப்படுந்தோறும் மாணவரின் சாதியைச் சுட்டிவிடுகிறது. தமிழும் தெலுங்கும் வழங்கும் ஊத்துக்கோட்டை போன்ற எல்லையூர்களில் அகரவரிசை இருக்கைக்கு மற்றொரு பயனும் உண்டு: வீட்டுமொழி வேறான பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர நேரும்.